அடுக்கு பெரோவ்ஸ்கைட்டில் அந்தக் கூர்முனை என்ன சொல்கிறது?

கேட்டவர் எம்.எஸ்சி இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ப்ராஜெக்டுக்காக ஃபீனைல் எத்தில் அமோனியம் லெட் அயோடைடு என்ற அடுக்கு பெரோவ்ஸ்கைட்டைக் கண்ணாடித் துண்டில் மென்படலமாகப் பூசியிருக்கிறார். ஒளி உட்கவர் நிறமாலையில் 515 நானோமீட்டர் அருகே ஊசி போல ஒரு முனை வந்திருக்கிறது. அதுதான் பட்டை இடைவெளியா, அதாவது ஓர் எலக்ட்ரானைக் கீழ்ப் பட்டையிலிருந்து மேல் பட்டைக்கு ஏற்றத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலா, என்பது அவருடைய முதல் கேள்வி. இதே பொருளில் சோலார் செல் செய்து பார்த்தபோது மின்னோட்டம் வரவே இல்லை, ஏன் என்பது இரண்டாவது. அடுக்கை ஒவ்வொன்றாகக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்று வழிகாட்டி சொல்கிறாராம். அப்படியானால் நேரே முப்பரிமாண பெரோவ்ஸ்கைட்டுக்கே போய்விடலாமே, அடுக்கு எதற்கு என்பது மூன்றாவது.

மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலானவர்கள் தேடுகிற ஈய அயோடைடு அடுக்குக்குள் இல்லை. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, வெறும் இடைநிரப்பி என்று நாம் ஒதுக்கிவிடுகிற கரிமப் பகுதியில் இருக்கிறது.

முதலில் பொருளைக் கண்முன் கொண்டுவருவோம். சாதாரண பெரோவ்ஸ்கைட்டில் ஓர் ஈய அயனியைச் சுற்றி ஆறு அயோடைடுகள் நின்று எண்முகி ஆகின்றன. எண்முகிகள் மூலைக்கு மூலை கோத்துக்கொண்டு மூன்று திசையிலும் நீள்கின்றன. நடுவிலுள்ள வெற்றிடத்தில் மெத்தில் அமோனியம் போன்ற சிறிய அயனி உட்காரும். அந்த இடத்துக்குப் பொருந்தாத நீளமான அமோனியம் அயனியைப் போட்டால் கட்டமைப்பு ஒரு திசையில் அறுந்துவிடுகிறது. எண்முகித் தளங்கள் தனித்தனியாக நிற்கின்றன, நடுவே கரிமச் சங்கிலிகள் இரட்டை வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒரு தளத்துக்குள் எத்தனை எண்முகி உயரம் என்பதைத்தான் கட்டுரைகளில் 'என்' என்று எழுதுகிறார்கள். நான் அடுக்கு எண் என்றே சொல்கிறேன். உங்கள் பொருளில் அது 1.

1950-களின் இறுதியில் ரடில்ஸ்டன், பாப்பர் இருவரும் ஆக்சைடுகளில் கண்ட அமைப்பு இது. அதனால்தான் இவற்றுக்கும் அவர்கள் பெயர்.

இதைக் கையால் வளர்த்துப் பார்த்தால்தான் ஒரு பிடிப்பு வரும். ஈய ஆக்சைடை ஹைட்ரோ அயோடிக் அமிலத்தில் கரைத்தால், அமிலத்தில் ஏற்கெனவே கலந்திருக்கும் அயோடினால் கரைசல் அழுக்குப் பழுப்பாக இருக்கும். ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் அயோடின் மறுபடி அயோடைடாகி, கரைசல் பளிச்சென்ற மஞ்சளுக்கு மாறும். அமோனியம் உப்பைச் சேர்த்து மெதுவாக ஆறவிட்டால் ஆரஞ்சு நிறத் தகடுகள் மினுங்கிக்கொண்டு இறங்கும். முதல் தடவை எனக்குப் பொறுமை இல்லை. பீக்கரைத் தண்ணீரில் வைத்து வேகமாகக் குளிரவைத்தேன், பொடிதான் கிடைத்தது. மறுநாள் ஹாட் பிளேட்டிலேயே விட்டு ஆறவைத்தபோது விரல்நகம் அளவுக்குத் தகடு வந்தது. அதை ஒட்டுநாடாவில் ஒட்டி இழுத்தால் மைக்கா மாதிரி உரியும். உரிகிற அந்த இடம்தான் கரிம அடுக்குகள் சந்திக்கும் இடம். மின்சாரத்துக்கும் அதே இடத்தில்தான் சிக்கல், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது அந்தக் கூர்முனை. ஒளித்துகள் விழுந்து ஓர் எலக்ட்ரான் மேல் பட்டைக்குப் போகிறது, கீழே ஒரு துளை மிஞ்சுகிறது. எதிர் மின்னூட்டம் உடைய இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். இழுப்பு போதுமான அளவு இருந்தால் இரண்டும் ஹைட்ரஜன் அணுவைப் போல ஒரு சோடியாகச் சுற்றும். இதுதான் எக்ஸிடான். சோடி சேர்வதால் ஆற்றல் குறைகிறது. அதனால் எக்ஸிடானை உருவாக்கத் தேவையான ஆற்றல், தனி எலக்ட்ரானையும் தனித் துளையையும் உருவாக்கத் தேவையானதைவிடக் குறைவு. அந்த வித்தியாசம்தான் பிணைப்பு ஆற்றல். உங்கள் 515 நானோமீட்டர் முனை, அதாவது சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட், எக்ஸிடானின் முனை. பட்டை இடைவெளி அதற்கும் மேலே இருக்கிறது.

எவ்வளவு மேலே? 1992-இல் ஹாங், இஷிஹாரா, நுர்மிக்கோ மூவரும் உங்கள் பொருளுக்கே அளந்த பிணைப்பு ஆற்றல் சுமார் 220 மில்லி எலக்ட்ரான் வோல்ட். ஆகவே உண்மையான இடைவெளி 2.6 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டுகிறது. நிறமாலையைக் கூர்ந்து பாருங்கள். முனைக்கு அடுத்து உட்கவர்தல் சற்று இறங்கி, குறைந்த அலைநீளப் பக்கத்தில் ஒரு படி போல மறுபடி ஏறும். தேட வேண்டிய இடம் அந்தப் படி. டவுக் வரைபடம் (உட்கவர் தரவிலிருந்து இடைவெளியைக் கணிக்கும் வழக்கமான வரைபடம்) போட்டு கோட்டை நீட்டி இடைவெளி 2.35 என்று எழுதிவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கிற பிழை. அந்த முறை எக்ஸிடானைக் கணக்கில் எடுக்காதது. எக்ஸிடானே ஆட்சி செய்கிற பொருளுக்கு அது பொருந்தாது. தீசிஸில் அப்படி எழுதிவிடாதீர்கள்.

சரி, பிணைப்பு ஏன் இவ்வளவு பெரிது? முப்பரிமாண மெத்தில் அமோனியம் லெட் அயோடைடில் குறைந்த வெப்பநிலையில் அளந்த மதிப்பு சுமார் 16 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் சுமார் 26. எனவே அங்கே சோடிகள் சேர்ந்த வேகத்தில் பிரிந்துவிடுகின்றன. ஹைட்ரஜன் அணுவை ஒரு தளத்துக்குள் நசுக்கினால் பிணைப்பு 4 மடங்காகும் என்று குவாண்டம் இயக்கவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். 16-ஐ 4-ஆல் பெருக்கினால் 64. அடுக்குப் பொருளில் பயனுறு நிறையும் கொஞ்சம் கூடுகிறது, அதற்கு இன்னொரு 2 மடங்கு வரை கொடுக்கலாம். அப்போதும் 220 வரவில்லை. தெருயா இஷிஹாராவும் சகாக்களும் 1989-இல் டெசில் அமோனியம் பொருளில் கண்டது 370. பியூட்டைல் அமோனியத்துக்குப் பின்னால் வந்த காந்தப்புல அளவீடுகள் 470 வரை சொல்கின்றன. மிச்சம் எங்கிருந்து வருகிறது?

கரிம அடுக்கிலிருந்துதான். எலக்ட்ரானும் துளையும் ஈய அயோடைடு தளத்துக்குள் இருந்தாலும், அவற்றுக்கிடையிலான மின்புலக் கோடுகள் தளத்துக்குள்ளேயே அடங்குவதில்லை. தளத்தின் தடிமன் ஒரு நானோமீட்டர்கூட இல்லை. கோடுகள் மேலும் கீழும் வளைந்து கரிம அடுக்கு வழியாகப் போய்த் திரும்புகின்றன. ஈய அயோடைடு தளத்தின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 6, கரிமச் சங்கிலியுடையது 2-ஐச் சற்றே தாண்டும். மாறிலி அதிகமான இடத்தில் சுற்றியுள்ள மின்னூட்டங்கள் நகர்ந்து இழுப்பை மழுங்கடிக்கும். சந்தை நெரிசலில் நின்று பேசும் இருவரின் குரல் ஒருவருக்கொருவர் சரியாகக் கேட்காது அல்லவா, அது மாதிரி. கரிம அடுக்கு ஆளில்லாத மைதானம், அங்கே குரல் குறையாமல் போய்ச் சேருகிறது. மின்காப்புச் சிறைப்பாடு என்பது இதுதான்.

உங்கள் பொருளில் 220, டெசிலில் 370 என்ற வேறுபாடு எதைக் காட்டுகிறது என்று இப்போது புரியும். ஈய அயோடைடு தளம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் உங்கள் மூலக்கூறில் பென்சீன் வளையம் இருக்கிறது. அதன் எலக்ட்ரான் மேகம் கொழுப்புச் சங்கிலியைவிட எளிதாக நெகிழும், இழுப்பைக் கொஞ்சமாவது மழுங்கடிக்கும். 2017-இல் ஹேமமாலா கருணாதாசவின் குழு இதை இன்னும் நேரடியாகக் காட்டியது. இலங்கையில் வளர்ந்த அவர் ஸ்டான்ஃபோர்டில் வேதியியல் பேராசிரியர். கரிம அடுக்கின் இடுக்கில் அயோடின் மூலக்கூறுகளை நுழையவிட்டார்கள். ஈயத் தளத்தின் கட்டமைப்பு அப்படியே இருக்க, எக்ஸிடான் பிணைப்பு தளர்ந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. கேள்விக்கு இவ்வளவு நேராகப் பதில் தருகிற சோதனை அடிக்கடி கிடைப்பதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கரிம அடுக்கை மாற்றினால் பிணைப்பு ஆற்றல் நூற்றுக்கணக்கில் மாறும், ஆனால் உங்கள் நிறமாலை முனை பெரிதாக நகராது. மின்காப்பு மாறிலி குறையும்போது பிணைப்பு கூடுகிறது, கூடவே பட்டை இடைவெளியும் விரிகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. அதனால் முனையின் இடத்தை மட்டும் பார்த்து, இந்தக் கரிம மூலக்கூறு எலக்ட்ரான் அமைப்பைப் பாதிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. பழைய கட்டுரைகள் சிலவற்றில் அந்த முடிவைப் பார்க்கலாம். முனை கொஞ்சம் நகர்ந்தால் அதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். கரிம மூலக்கூறு தளத்தை இழுத்து எண்முகிகளைச் சாய்க்கிறது. ஈயம்–அயோடின்–ஈயம் கோணம் 180 பாகைக்கு நெருங்க நெருங்க இடைவெளி குறையும், மடங்க மடங்கக் கூடும். கீழ்ப் பட்டை ஈயத்தின் 6எஸ், அயோடினின் 5பி ஆர்பிட்டல்கள் கலந்து உருவானது. மேல் பட்டை பெரும்பாலும் ஈயத்தின் 6பி. கோணம் மடங்கினால் இந்தக் கலப்பு குறைகிறது, பட்டைகள் ஒடுங்குகின்றன, அவற்றின் நடுவிலுள்ள இடைவெளி விரிகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சோலார் செல்லில் மின்னோட்டம் வராததற்குக் காரணம் மூன்று. முதலாவதை இப்போது நீங்களே சொல்லிவிடலாம். 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வெப்ப ஆற்றலால் 220-ஐப் பிரிக்க முடியாது. எக்ஸிடான் மின்னூட்டமற்றது, உள்மின்புலம் அதை இழுத்துப் போகாது. இரண்டாவது, பிரிந்தாலும் நகர வழி இல்லை. ஸ்பின் கோட்டிங் செய்தால், அதாவது கண்ணாடியைச் சுழற்றிக் கரைசலைப் பூசினால், இந்தத் தகடுகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்துவிடும். செல்லின் மின்முனைகளோ மேலும் கீழும் இருக்கின்றன. மின்னூட்டம் ஒவ்வொரு கரிம அடுக்கையும் குறுக்கே துளைத்துத் தாண்ட வேண்டும். பட்டை வரைபடத்தில் அந்தத் திசையில் கோடு தட்டையாகக் கிடப்பதற்கு அர்த்தம் இதுதான். நாடாவால் உரித்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், எலக்ட்ரான் முட்டி நிற்பதும் அங்கேதான். மூன்றாவது காரணம் எளிது. 515 நானோமீட்டருக்கு மேலான ஒளி, அதாவது சூரிய ஒளியின் பெரும்பகுதி, உங்கள் படலத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும்.

வழிகாட்டி சொன்னதில் நியாயம் இருக்கிறது. பியூட்டைல் அமோனியம் வரிசையில் ஒளி இடைவெளி அடுக்கு எண் 1-க்கு 2.43 எலக்ட்ரான் வோல்ட், 2-க்கு 2.17, 3-க்கு 2.03, 4-க்கு 1.91. முப்பரிமாணத்துக்குப் போனால் 1.5. படிகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு என்று கறுத்துக்கொண்டே போவது கண்ணுக்கே தெரியும். பிணைப்பு ஆற்றலும் அடுக்கு எண் 5-இல் ஏறக்குறைய 125-க்கு இறங்குகிறது. 2014-இல் கருணாதாசவின் குழு அடுக்கு எண் 3-ஐ வைத்துச் செய்த முதல் சோலார் செல் 4.73 சதவீதத் திறன் கொடுத்தது. 2016-இல் ஆதித்ய மோஹிதே, மெர்க்கூரி கனட்சிடிஸ் ஆகியோரின் குழுக்கள் அடுக்கு எண் 4-ஐ எடுத்துக்கொண்டு, கண்ணாடியைச் சூடாக்கிவிட்டு அதன்மேல் கரைசலைப் பூசின. தகடுகள் படுக்காமல் செங்குத்தாக எழுந்து நின்றன. கரிம அடுக்கைத் தாண்டாமலேயே மின்னூட்டம் மேலும் கீழும் ஓட வழி கிடைத்தது. திறன் 12.52 சதவீதம். பொருள் அதே குடும்பம், நிற்கிற விதம்தான் மாறியது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. கரைசலில் அடுக்கு எண் 3-க்கான விகிதத்தில் கலந்தால், படலத்தில் 3 மட்டும் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2, 3, 4, முப்பரிமாணத் துண்டுகள் எல்லாம் கலந்தே வரும். கட்டுரைத் தலைப்பில் போடும் எண் பெரும்பாலும் கலவை விகிதத்தின் சராசரிதான்.

அப்படியானால் அடுக்கு எதற்கு? மூன்றாவது கேள்வியில் இருப்பது சோலார் செல்லை மட்டும் மனத்தில் வைத்த பார்வை. எலக்ட்ரானும் துளையும் பிரிய வேண்டும் என்பது சோலார் செல்லின் தேவை. எல்இடிக்கு அவை சேர்ந்து ஒளியாக வேண்டும். அங்கே உங்கள் 220 ஒரு வரம். சோடி ஏற்கெனவே சேர்ந்தே இருக்கிறது, ஒன்றையொன்று தேடி அலைய வேண்டியதில்லை. 1994-இலேயே ஜப்பானில் எரா, சைட்டோ குழு உங்கள் பொருளையே வைத்துப் பச்சை ஒளிரும் டையோடு செய்துவிட்டது. பிரகாசமான ஒளி, ஆனால் திரவ நைட்ரஜனில் முக்கி வைத்தால்தான். அறை வெப்பநிலையில் எக்ஸிடான்கள் அதிர்வுகளிலும் குறைபாடுகளிலும் ஒளி தராமலே தொலைந்துபோயின.

இதற்குத் தீர்வு வந்த விதம் அழகானது. மேலே குறை என்று சொன்னேனே, பல அடுக்கு எண்கள் கலந்துவிடுவது, அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். அடுக்கு எண் 2-இல் உருவாகும் எக்ஸிடான் பக்கத்திலுள்ள 3-க்கும் 4-க்கும் தன் ஆற்றலைக் கைமாற்றி, இடைவெளி மிகக் குறைந்த துண்டில் போய்ச் சேர்கிறது. வாய்க்கால் நீர் பள்ளத்தில் தேங்குவது மாதிரி. கைமாறும் வேகம் குறைபாடுகள் விழுங்கும் வேகத்தைவிட அதிகம். பள்ளத்தில் அடர்த்தி கூடியதும் ஒளிர்வு திறமையாக நடக்கிறது. 2016-இல் டொரண்டோவில் சார்ஜென்ட் குழு இந்த வழியில் அகச்சிவப்பு எல்இடியில் 8.8 சதவீத வெளிக் குவாண்டம் திறன் (செலுத்திய எலக்ட்ரான்களில் ஒளித்துகளாக வெளிவரும் பங்கு) கண்டது. அதே ஆண்டு சீனக் குழு ஒன்று 11.7 சதவீதத்தைத் தொட்டது. இதற்கும் விலை உண்டு. ஒரே பள்ளத்தில் எல்லோரும் கூடினால், மின்னோட்டத்தைக் கூட்டும்போது ஓஜர் இழப்பு தலைதூக்கும். ஒரு சோடியின் ஆற்றல் ஒளியாகாமல் மூன்றாவது மின்னூட்டத்துக்குப் போய் வெப்பமாகிவிடும். பிரகாசத்தை ஏற்ற ஏற்றத் திறன் சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டிரான்சிஸ்டரில் மூன்றாவது வழக்கு. அங்கே மின்னோட்டம் படலத்துக்கு இணையாக, தளத்தின் வழியே ஓடுகிறது. தகடு படுத்திருப்பதுதான் அங்கே வேண்டும். 1999-இல் ஐபிஎம்மில் ககன், மிட்சி, டிமிட்ரகோபுலோஸ் மூவரும் உங்கள் மூலக்கூறையே எடுத்து, ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் போட்டு, சதுர செ.மீ./வோல்ட்-விநாடி அலகில் 0.6 இயக்கத்திறன் (மின்புலத்தில் மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதன் அளவு) எடுத்தார்கள். சோலார் செல்லில் உங்கள் காலை வாரிய அதே அமைப்பு அங்கே கைகொடுத்தது. வெள்ளீயத்துக்கு மாறலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். க்ளவ் பாக்ஸ் இல்லாமல் வேண்டாம். இரட்டை மின்னூட்ட வெள்ளீயம் காற்றுப் பட்டதும் நான்கு மின்னூட்டத்துக்குப் போய்விடும், படலம் தானாகவே நேர்மின் துளைகளால் நிறைந்துவிடும். ஈயத்தின் நச்சுத்தன்மை மெய்யான கவலை. கையுறை போடுங்கள், கழிவைத் தனியாகச் சேருங்கள்.

வெள்ளை ஒளி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் கருணாதாச குழு காட்டிய ஈய புரோமைடு அடுக்குகள் சிலவற்றில், எக்ஸிடான் தன்னைச் சுற்றியுள்ள படிகக் கூட்டையே நெளித்து அந்தக் குழியில் தானே சிக்கிக்கொள்கிறது. வெளிவரும் ஒளி நீலத்திலிருந்து சிவப்பு வரை பரந்து வெள்ளையாகத் தெரிகிறது. பாஸ்பர் கலவை எதுவும் இல்லை, ஒரே பொருள்தான்.

முப்பரிமாணத்துக்கே போகலாமே என்பதற்கு நடைமுறைப் பதில் ஒன்றும் இருக்கிறது. முப்பரிமாண படலம் ஈரப்பதத்தில் மஞ்சளித்துவிடும், மின்புலத்தில் அயோடைடு அயனிகள் ஊர்ந்து நகரும். கரிமச் சங்கிலி நீரைத் தள்ளும், அயனிக்கும் அது சுவர். அதனால் இன்று பலரும் முப்பரிமாணத்தின் மேல் அடுக்குப் பொருளை மெல்லிய போர்வையாக இடுகிறார்கள். 2017-இல் கிரான்சினி, நசிருதீன் குழு இரண்டையும் இணைத்த மாட்யூல்களை 10,000 மணி நேரத்துக்கு மேல் திறன் குறையாமல் ஓடவிட்டுக் காட்டியது. போர்வை தடித்துவிட்டால் மறுபடி மின்னூட்டம் முட்டி நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் ப்ராஜெக்ட். முதலில் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு எடுங்கள். தாமிர மூலத்தில் 5.4 பாகை அருகே முதல் முனையும், அதன் மடங்குகளில் 10.8, 16.3 என்று சம இடைவெளியில் வரிசையும் வந்தால், 16.3 ஆங்ஸ்ட்ராம் அடுக்குத் தூரத்தில் தகடுகள் படுத்திருக்கின்றன என்று பொருள். கருவியில் அளவீட்டை 10 பாகையில் தொடங்கும்படி விட்டிருந்தால் முதல் முனை தவறிப்போகும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு முழுத் தொகுதி மாதிரிகளை அப்படித்தான் வீணாக்கினோம். அடுத்து, கிடைத்தால் திரவ நைட்ரஜனில் வைத்து ஒளிர்வு நிறமாலையை வெப்பநிலை மாற்றி எடுங்கள். குளிரக் குளிர ஒளிர்வு கூர்மையாகிப் பெருகும். எவ்வளவு பெருகுகிறது என்பதிலிருந்து அறை வெப்பநிலையில் எவ்வளவு வீணாகிறது என்று கணக்கிடலாம்.

வழிகாட்டி சொன்னபடி அடுக்கு எண் 3-ஐயும் செய்யுங்கள். செய்ததும் செல் கட்ட ஓடாதீர்கள், முதலில் உட்கவர் நிறமாலையைப் பாருங்கள். 610 நானோமீட்டர் பக்கத்து மேட்டோடு 570 பக்கத்திலும் ஒரு மேடு, 515-இல் பழைய ஊசி, 700-ஐத் தாண்டி ஒரு வால் எல்லாம் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது கலவை. அது சோலார் செல்லுக்குப் போக வேண்டிய படலமா, எல்இடிக்கா என்பதை அந்த மேடுகளின் உயரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிறமாலையை அனுப்பினால் நானும் பார்க்கிறேன்.